ஊரே கும்பிட்ட ஆள்

கடல் தாண்டிப் பத்தாவியாவில் காய்ச்சலில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளக் கூலி வாங்காமல் யார் வருவீர்கள் என்று ஒல்லாந்தர் கோட்டையில் மொழிபெயர்க்கும் துபாஷி எங்கள் குப்பத்துக்கு வந்து கேட்டபோது, முதலில் கையைத் தூக்கிய மடையன் நான்தான். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை.

கப்பலேற இரண்டு நாள் இருக்கும்போது பயம் வந்துவிட்டது. கட்டிய மூட்டையை அவிழ்த்தேன்.

"இன்னா பண்றே?" என்றாள் என் மனைவி கன்னியம்மா.

"நான் போவல. ஏரிக்கே போறேன்."

"நேத்தே பாடு போட்டுட்டாங்களே!"

ஏரியில் யார் எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போடுவதுதான் பாடு. நாட்டாண்மையிடம் ஓடினேன்.

"உன் பேரைச் சேர்க்கலப்பா," என்றார் அவர். "சும்மா விடல. ஊரே எழுந்து நின்னு உன் பேரைச் சொல்லிக் கும்பிட்டுட்டுத்தான் விட்டோம்."

"நான் இங்கதான இருக்கேன்!"

"அடுத்த பாடு வரைக்கும் உனக்கு ஏரியில எடம் கிடையாது, நைனா."

நாசமாய்ப் போன மரியாதை!

வீட்டுக்குத் திரும்பினேன். கன்னியம்மா என் வலையிலிருந்து அறுத்தெடுத்த கயிற்றால் மூட்டையை மறுபடி இறுக்கிக் கட்டியிருந்தாள். வாசலில் துபாஷி நின்றிருந்தான்.

"மனசாரத்தானே வரே?" என்று கேட்டான்.

அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்" என்றேன்.