நான்காம் மாடியின் இரண்டாவது கேபிள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையின் முதல் மைய சுவிட்சை அணைப்பதாக ஏற்பாடு. வெளிநோயாளிகள் வராத நாள் அது ஒன்றுதான். கட்டடத்திலிருக்கும் அத்தனை கணினிகளும் தொலைபேசிகளும் அந்தப் பெட்டி வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசும். அதற்கு ஜோடியாக, அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்று பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று விழுந்தால் மற்றது தாங்க வேண்டும். தாங்குகிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே ஒன்றை விழவைத்துப் பார்ப்பார்கள்.

பார்க்க வேண்டியது அவள். அவளுடைய தம்பி சாலை விபத்தில் இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் லீவுல இரும்மா" என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

"வீட்ல இருந்து என்ன சார் பண்ணப் போறேன்" என்று வந்துவிட்டாள்.

அவள் இதுவரை அழவில்லை. "கல்நெஞ்சக்காரி" என்று பெரியம்மா யாரிடமோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தை விரலால் குத்திப் பார்ப்பதுபோல, அந்தச் சொல்லை இரண்டு மூன்று முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

கூட வேலை செய்பவனை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் "ஒரு அவசரம்" என்றுதான் ஆரம்பிப்பான். நடப்பது என்னவோ ஆமை நடை. இன்று அவன் அப்படி ஆரம்பிக்கவில்லை. நேராகப் போய்த் திரைமுன் உட்கார்ந்தான்.

"எடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எடுங்க."

சுவிட்சின் இரண்டு மின்வயர்களையும் உருவினாள். விசிறிகளின் இரைச்சல் இறங்கி அடங்கியது. திரையில் நொடிக்கு ஒன்றாக ஓடிய சோதனை வரிகளில் மூன்றுக்குப் பதில் வரவில்லை. நான்காவது வரியிலிருந்து எல்லாம் பழையபடி ஓடியது.

"மூணே செகண்ட்! வந்ததும் தெரியல, போனதும் தெரியல" என்றான் அவசரம்.

அவள் தலையாட்டினாள். போன வருஷம் இதே இடத்தில் இருவரும் கைதட்டியிருந்தார்கள்.

அப்போது சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. தலைமை நர்ஸ், கைப்பேசியிலிருந்து. "நாலாவது மாடி. குழந்தைங்க வார்டு. எங்க பெரிய ஸ்கிரீன் மொத்தமும் போயிடுச்சு. எந்தக் குழந்தைக்கு என்னன்னு ஒண்ணும் தெரியல."

"கட்டில்கிட்ட இருக்கிற மெஷின்லாம் ஓடுதா?"

"அது ஓடுது. ஆளுக்கு ரெண்டு கட்டில்னு நர்ஸுங்கள நிக்க வெச்சிருக்கேன். சீக்கிரம் பாரும்மா."

அவசரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "திரும்பப் போட்டுரலாமா?"

"அது எழுந்து நிக்கவே பத்து நிமிஷம் ஆகும். இருங்க."

ஒவ்வொரு மாடியிலிருந்தும் இரண்டு கேபிள்கள் வரும். ஒன்று முதல் சுவிட்சுக்கு, இன்னொன்று இரண்டாவதற்கு. நான்காம் மாடியின் கேபிள்களை விரலால் தடவிக்கொண்டே போனாள். இரண்டும் போய்ச் செருகியிருந்தது அணைத்துவைத்த சுவிட்சில்தான். இரண்டாவது சுவிட்சில் அதற்கான துளை வெறுமனே கிடந்தது.

ஒரு கேபிளை உருவி அதில் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு நிமிஷத்தில் மறுபடி தொலைபேசி.

"வந்துடுச்சு" என்றார் நர்ஸ். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. குழந்தைங்க எல்லாம் நல்லா இருக்கு."

மொத்தம் ஆறு நிமிஷம். அவசரம் கேபிள்களின் பதிவேட்டைப் புரட்டி, ஒரு தேதியில் நின்றான். பிறகு அதை மூடப் போனான்.

"யாரு மாத்தினதுன்னு இருக்கு?" என்று கேட்டாள்.

"விடுங்க. வெளியாளு யாரோ பண்ணிருப்பான்னு எழுதிக்கலாம்."

அவளுக்கு அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. அந்தத் தேதியில், மதியம், கேபிள்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். நான்காம் மாடியின் இரண்டாவது கேபிள் கையில் இருந்தபோதுதான் பெரியம்மா போனில் கூப்பிட்டார். கைக்கு எட்டிய துளையில் அதைச் செருகிவிட்டு ஓடியிருந்தாள்.

"நான்தான்" என்றாள்.

முதல் சுவிட்சை மறுபடி ஓடவிட்டு, எல்லா மாடிகளின் கேபிள்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்து, மறுபடி அணைத்தார்கள். பிறகு அதை ஓடவிட்டு, இரண்டாவதை அணைத்துப் பார்த்தார்கள். இந்த முறை எந்த மாடியிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை.

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் அவள் எழுதினாள்: 'வேலை பாதியில் நின்றது. என் தம்பி இறந்துவிட்டான் என்று போன் வந்தது. போட்டது எந்த இடத்தில் என்று பார்க்கவில்லை. திரும்பி வந்தும் சரிபார்க்கவில்லை.'

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சொந்தக் காரணம்னு போட்டா போதுமேம்மா."

"என் தம்பி செத்துட்டான் சார். அதான் நடந்தது."

இத்தனை நாளும் ஊருக்கெல்லாம் போன் செய்து சொன்னவர்கள் மற்றவர்கள். அவள் வாயால் சொன்னது இதுதான் முதல்முறை. சொல்லிவிட்டு, ஏதாவது நடக்கும் என்று நின்றாள். மேலாளர் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் நடந்தது.

வீட்டில் அம்மா கொடியிலிருந்து எடுத்த போர்வைகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா உன் டெஸ்டு?"

"முடிஞ்சுது. ஒரு தப்பு இருந்துச்சு. நான் பண்ணது. சரி பண்ணிட்டேன்."

"என்னிக்குப் பண்ணது?"

"அன்னிக்கு."

அம்மாவின் கை நின்றது. ஒரு போர்வையின் மறுமுனையை அவளிடம் நீட்டினாள். இருவரும் எதிரெதிரே நின்று உதறி, மடித்தார்கள். கடைசிப் போர்வையை அம்மா மடிக்க விடவில்லை.

"இதப் போத்திக்கிட்டுப் படுத்துக்கோ போ" என்றாள்.

அவள் படுத்தாள். சாயங்காலம் வரை அசையாமல் தூங்கினாள். வெயில் முகத்தில் விழாமலிருக்க அம்மா ஜன்னலைச் சாத்தியது அவளுக்குத் தெரியாது.