வெயில் படாத இடம்

"வாயைத் திறவுங்கோ அம்மா," என்று டொக்டர் றாபியா சொன்னதும் மதலேனா தயங்கித் திறந்தாள். களைப்பென்று வந்தவளுடைய வாய்க்குள் இந்தப் பிள்ளை எதைத் தேடுகிறது? டோர்ச் வெளிச்சம் பல் முரசில் விழுந்து அங்கேயே நின்றது. பிறகு டொக்டர் அவளுடைய உள்ளங்கை ரேகைகளைப் பார்த்தாள். இருத்தி ஒருதரம், எழுப்பி ஒருதரம் பிரஷர் பார்த்தாள். எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்ததை மதலேனா பல்லைக் கடித்துச் சமாளித்தாள்.

"இந்தக் கறுப்பு எப்ப துவங்கினது?"

"அது மீன்வாடி வெயில், டொக்டர்," என்று பக்கத்துக் கதிரையிலிருந்த புருஷன் கிறகரி முந்திக்கொண்டான். "நாள் முழுக்கக் கருவாடு காயப்போடுறவ. கீரிக் கரையில எங்கட சனமெல்லாம் இந்த நிறந்தான்."

"வாய்க்குள்ளையும் வெயில் படுமோ ஐயா?"

கிறகரி திரும்பி மதலேனாவின் வாயைப் பார்த்தான்.

சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சின்னச் சுரப்பி சுரக்காமல் போனால் இப்படி வரும் என்றாள் டொக்டர். "ஆயிரக்கணக்கில ஒராளுக்கு வாற வருத்தம். இல்லாமலும் இருக்கலாம். விடிய இரத்தம் எடுத்து வெளியில அனுப்பிப் பாப்பம். இண்டைக்கு வார்ட்டில நில்லுங்கோவன்."

"விடிய வாறன்," என்றாள் மதலேனா. மகன் டொமினிக் கடலுக்குப் போகும்போது அவள் வீட்டில் இருக்க வேண்டும்.

"உப்புக்கு வாய் தேடுதோ அம்மா?" என்று கேட்டாள் டொக்டர்.

"கருவாட்டைச் சப்பிக்கொண்டுதான் திரிவா," என்றான் கிறகரி.

டொக்டர் நிமிர்ந்தாள். "அப்ப உப்பைக் குறைச்சுப்போடாதேங்கோ. வயித்தைப் பிரட்டிச் சத்தி வந்தா உடன கொண்டு வாங்கோ, பிந்தினா உயிருக்கு ஆபத்து. நோன்பு ஏதும் பிடிக்கிறீங்களோ அம்மா?"

"இல்லை," என்றாள் மதலேனா.

பொய். மாசியில் டொமினிக்கின் படகு கவிழ்ந்து, ஒரு பகலும் இரவும் கழித்து அவன் கரைசேர்ந்த அன்று மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். தவக்காலத்தில் மற்றவர்கள் இறைச்சியை விடுவார்கள், வெற்றிலையை விடுவார்கள். அவளுக்கு உப்பென்றால் உயிர். உயிரான ஒன்றை விடாவிட்டால் அது என்ன ஒறுத்தல்? உயிர்த்த ஞாயிறு வரைக்கும் உப்பைத் தொடமாட்டேன், என்ரை பிள்ளையைக் கடல் திரும்பக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் பேச்சு. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. தன் பங்கை எடுத்து வைத்துவிட்டுத்தான் சட்டியில் உப்புப் போடுவாள். அவள் கருவாட்டை வாயில் வைத்தும் நாளாயிற்று, கிறகரி அதைக் கவனிக்கவில்லை.

அவளும் பயமறியாதவள் அல்ல. அக்கா பெற்றிசியா இப்படித்தான் கறுத்து மெலிந்து, ஒருநாள் சத்தியெடுத்து, மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தாள். ஊர் செய்வினை என்றது. அக்காவின் முரசை யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மதலேனா கண்ணாடியில் உதட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

விடியப்புறம் டொமினிக் போனபின், ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடும்போதே சத்தி வந்தது. முற்றத்து மணலில் இருந்தவளால் எழ முடியவில்லை. ஓட்டோவுக்கு அழைத்துச் சொல்லிவிட்டு வந்த கிறகரி, அவள் குடித்து மிச்சம் வைத்த கஞ்சியை ஊட்டுவதற்காக எடுத்து, சூடு பார்க்க ஒரு வாய் குடித்தான்.

"இதில உப்பில்லையே."

இனி மறைக்கத் தெம்பில்லை. சொன்னாள். கிறகரி அவளை ஏசவில்லை. கருவாட்டுப் பீப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி ஈரக் கல்லுப்புடன் ஓடிவந்து அவள் முன்னால் முழங்காலில் இருந்தான்.

"மாதாவுக்கு நான் சொல்லுறன். வாயைத் திற, மதலேனா."

"பிள்ளை கரைக்கு வரட்டும்."

"அவன் வருவான். நீ இருக்கவேணும்."

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஒழுங்கை முனையில் ஓட்டோவின் சத்தம் கேட்டது. கடலில் தூரத்தே ஒரு படகு தெரிந்தது. யாருடையது என்று பிடிபடவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிறகரி பொத்திப் பிடித்திருந்த உப்பு வேர்வையில் கரைந்து, விரலிடுக்கால் அவளுடைய மடியில் சொட்டிக்கொண்டிருந்தது.