போர்ட்டோவுக்குப் பதினோரு நாள்

பதினொன்றாவது கட்டிலுக்கு வரும்போது நிமிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. முதுகின் நடுவில் பிடிக்கிற வலி, விரிப்பின் மூலையைச் செருகக் குனியும்போது இடது காலுக்குள் சூட்டுக்கோல் மாதிரி இறங்கியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு மெத்தையைத் தூக்கினாள். தூக்க வேறு யாரும் இல்லை.

சித்திரை மாதம், சீசன். மூணாறுக்குப் பக்கத்தில், சின்னக்கானல் ரிசார்ட்டின் பதினான்கு அறைகளில் ஒன்பதில் புதுமண ஜோடிகள். அவர்களுடைய கட்டிலில் விரிப்பு மட்டும் போதாது. இரண்டு வெள்ளைத் துண்டுகளை முறுக்கி மடக்கி இரண்டு அன்னப்பறவை செய்து, மூக்கோடு மூக்கு முட்ட வைத்து, சுற்றிலும் ரோஜா இதழில் ஓர் இதயம் போட வேண்டும். மேனேஜர் கோபிநாத் அதை ஸ்வான் என்பார். ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கு அது வாத்து. செய்து முடித்ததும் போனில் படம் எடுத்து ரிசார்ட்டின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். படம் வராத அறைக்குச் சம்பளத்தில் நூறு ரூபாய் பிடித்தம். மூன்று வருஷமாக இதுதான் சட்டம். மறுநாள் காலையில் அந்த இதழ்களை மெத்தையிலிருந்தும் கழிப்பறைத் தரையிலிருந்தும் பொறுக்குகிறவளும் நிமிதான்.

அவளுக்கும் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ஜிபின், அத்தை மகன், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஊர் உலகமெல்லாம் தேனிலவுக்கு மூணாறுக்கு வருகிறது. மூணாறில் பிறந்தவள் எங்கே போவது என்று கூட வேலை பார்க்கும் சிஞ்சு கேலிக்குத்தான் கேட்டாள். நிமி கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா போட்ட ஐந்து பவுன் சங்கிலியைத் தங்க விலை ஏறிக் கிடந்த நேரத்தில் விற்று வங்கியில் போட்டாள். போர்ச்சுகலில் போர்ட்டோ என்ற ஊரைக் கண்டுபிடித்தாள். ஆற்றங்கரைக்கு மேலே படிக்கட்டுச் சந்தில் ஒரு வீட்டின் மாடியறை, சமையல் செய்துகொள்ள அடுப்போடு. ஜூன் மாதத்துக்கு டிக்கெட்டும் அறையும் பிடித்தாயிற்று. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொச்சியில் விசாவுக்கு நேரம் கிடைத்திருந்தது. கோப்பில் எல்லாக் காகிதமும் இருந்தது, ஒன்றைத் தவிர: பதினோரு நாள் விடுப்பு கொடுத்திருக்கிறோம் என்று வேலை கொடுத்தவர் எழுதித் தரும் கடிதம். அது இல்லாமல் கோப்பை வாங்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதைக் கேட்கத்தான் அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். மூன்றாவது முறை.

கோபிநாத் அவளுடைய பயணத் திட்டத்தைக் கையில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும். "இது என்னா எழுதியிருக்க மோளே? முதல் நாள், ஆத்தங்கரையில் உட்காருவது. ரெண்டாவது நாள், அதே."

"ஆமா சார்."

"இதுக்கு யூரோப் போகணுமா? இவிடெ டேம் இருக்கே."

"டேம் பக்கத்துல எங்க சார் உட்கார விடுறாங்க?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பளபளப்பான தாளை எடுத்து நகர்த்தினார். பத்து நாள், ஏழு நாடு, ஹனிமூன் ஸ்பெஷல், இந்தியச் சாப்பாடு. அவருடைய மச்சினன் நடத்தும் டூர். இதே தாளை அவர் போன இரண்டு முறையும் நகர்த்தியிருந்தார்.

"நான் உன் நல்லதுக்குத்தான் பறையுறேன். தனியா போனா விசா கிட்டாது. உங்ககிட்ட என்னா உண்டு? வீடு தேயிலைக் கம்பெனி கொடுத்த லயம். நிலம் இல்லை. அங்கயே ஏதாவது ஹோட்டல்ல கக்கூஸ் கழுவிக்கிட்டு நின்னுடுவீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா? குரூப்ல போனா நம்ம ஆளு பொறுப்பு. இதுல பேர் கொடு, லெட்டர் நாளைக்கே தர்றேன்."

"அப்ப லீவு இருக்கு. பேக்கேஜ்ல போனா மட்டும் இருக்கு."

கோபிநாத்தின் முகம் மாறியது. பதிவேட்டை எடுத்து விரித்தார். "லீவு எங்க இருக்கு? பாரு. ஒவ்வொரு ஞாயிறும் ஆஃப் எடுத்திருக்க. எல்லாம் தீர்ந்தது."

நிமி குனிந்து பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே மூன்று வருஷத்து ஞாயிறுகளும் 'ஆஃப்', 'ஆஃப்' என்று ஒரே பேனாவில் வரிசையாக நின்றன. சீசன் ஞாயிறுகளில் வேலைக்கு வா, மழைக்காலத்தில் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மழைக்காலத்தில் ஆள் வேண்டாம், சம்பளமில்லாமல் வீட்டில் இரு என்றார்கள். அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் வந்து வேலை பார்த்த நாளை வரவில்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்தபோது காது மடல் சுட்டது.

"நான் வந்தேன் சார்."

"ரெஜிஸ்டர்ல இல்லையே," என்றார் கோபிநாத்.

அவள் வீடு திரும்பியபோது ஜிபின் வாசலில் ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமி சொன்னதைக் கேட்டு முதலில் ஸ்பானரை எறிந்தான். நேரே போய் மேனேஜரை அறைவேன் என்றான். கொஞ்ச நேரம் கழித்து, மண்ணைத் தட்டிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு, வேறு குரலில் பேசினான்.

"லெட்டர் இல்லாம போனா விசா ஆபீசுல ஃபைல மூஞ்சில எறிவான் புள்ள. பேசாம அந்தப் பேக்கேஜ்ல சேந்துருவமா? ஏழு நாடாவது பாக்கலாம்ல."

"நீயா மச்சான் இதச் சொல்ற? தெனமும் பேக்கேஜ் ஏத்துறவன் நீ. வியூ பாயின்ட்டுல எவ்வளவு நேரம் விடுவ?"

"இருபது நிமிஷம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஸ்பைஸ் கடை." ஜிபின் தரையைப் பார்த்தான். "கடைக்காரன் தலைக்கு அம்பது தருவான்."

"போன வாரம் ஒரு பொண்ணு கொழுக்குமலையில இன்னும் கொஞ்சம் நிக்கணும்னு கேட்டுச்சுன்னு சொன்னியே. என்ன பண்ணுன?"

"ஹாரன் அடிச்சேன்."

"அங்கயும் ஒருத்தன் எனக்கு ஹாரன் அடிப்பான். என் கழுத்துச் சங்கிலிய வித்து அதுக்கா போகணும்?"

ஜிபின் அடுத்த நட்டைக் கழற்ற ஆரம்பித்தான். போன மாதம் அவனையும் ஒரு திட்டம் போடச் சொன்னபோது, பழக்கதோஷத்தில் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் 'பாலம், இருபது நிமிடம். சர்ச், பதினைந்து நிமிடம்' என்று எழுதி வந்தான். "ஸ்பைஸ் கடை எத்தன மணிக்கு மச்சான்?" என்று கேட்டு அவள் அதைக் கிழித்துப் போட்டாள். அன்றைக்குச் சேர்ந்து சிரித்தார்கள்.

அடுத்த வீட்டு வாசலில் ஞானத்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமியின் அம்மா. முப்பத்தோரு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். போனஸுக்காகத் தோட்டத்துப் பெண்கள் மூணாறு ரோட்டில் மறியலுக்கு உட்கார்ந்த வருஷம் ஒன்பது நாள் அங்கேயே கிடந்தவள். மகள் சங்கிலியை விற்றது தெரிந்த நாளிலிருந்து, இரண்டு வாரமாக, அவள் மகளோடு பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். இப்போது கீரையைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம எல்லாம் ஆஃப்னா எழுதியிருக்கான்?" என்று நேராக மகளைப் பார்த்துக் கேட்டாள். "நீ எந்த ஞாயித்துக்கெழமடி வீட்டுல இருந்த?"

"அத எப்படிம்மா காட்டுறது? கையெழுத்துப் போடுற புஸ்தகம் அவர்கிட்டல்ல இருக்கு."

"உன் கையில ஒண்ணுமே இல்லையா?"

 நிமி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். பிடித்தத்துக்குப் பயந்து ஒரு படத்தையும் அழிக்காமல் வைத்திருந்தாள். விரலால் தள்ளத் தள்ள வாத்துகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே தேதி.

மூன்று பேரும் ஞானத்தாயின் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்கள். ஜிபின் காலண்டர் பார்த்து ஞாயிறுகளைச் சொன்னான். நிமி படத்தைத் தேடினாள். ஞானத்தாய்க்குக் காலண்டர் தேவைப்படவில்லை.

"மார்ச்சு இருபத்தி நாலு? அது குருத்து ஞாயிறு. ஓலையப் புடிச்சுக்கிட்டு நான் ஒத்தையா நடந்தேன். எங்க உம் மகள்னு சாமியாரு கேட்டாரு, மேலுக்குச் சரியில்லைன்னு பொய் சொன்னேன்."

படத்தில் இரண்டு வாத்துகள் மூக்கை முட்டிக்கொண்டிருந்தன. நேரம் காலை பத்து பதினேழு.

"அடுத்தது?"

"மே அஞ்சு."

"மாதா தேர்."

"டிசம்பர் இருபத்தி ரெண்டு."

ஞானத்தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்கு உங்கப்பாவுக்கு வருஷப் பூசை," என்றாள். "வரமுடியாதுன்னு போன்ல சொன்ன. நான் உன்ன என்னென்னமோ ஏசுனேன். கல்லறையில வச்சு ஏசுனேன்." போனை மகள் கையிலிருந்து வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இந்த வாத்துக்காடி?"

நிமி தலையாட்டினாள்.

"கொழுந்து எடுத்த நாளுக்குப் பேர் விழலைன்னா சூப்பர்வைசர் சட்டையப் புடிச்சிருப்போம். நீ மூணு வருசமா பேரில்லாம வேல பாத்திருக்க. எண்ணுடி. ஒண்ணு விடாம எண்ணு."

ஐம்பத்தெட்டு வந்தது. இரண்டு தடவை எண்ணினார்கள். படம் எடுக்கும் சட்டம் வருவதற்கு முன்னால் போன ஞாயிறுகளுக்குச் சாட்சி இல்லை. அவை போனது போனதுதான்.

"நீ அங்க போறது கிறுக்குத்தனம்," என்றாள் ஞானத்தாய் கீரையை மறுபடி எடுத்துக்கொண்டு. "அத இப்பவும் சொல்லுவேன். கழுத்து மொட்டையா பிளேன் ஏறப்போறா. ஆனா லீவு உன்னோடது. அத அந்த ஆளு மச்சினனுக்கு விக்க விடாத."

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, வேலைக்குக் கிளம்புமுன், நிமி ஐம்பத்தெட்டுப் படங்களையும் தேதியோடு ரிசார்ட்டின் குழுவில் போட ஆரம்பித்தாள். அந்தக் குழுவில் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் இருந்தார்கள், சமையல்காரர்கள் இருந்தார்கள், கோபிநாத் இருந்தார், கோட்டயத்தில் இருந்துகொண்டு தினமும் படங்களைப் பார்க்கிற முதலாளியும் இருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே வரி எழுதினாள்: 'ஞாயிற்றுக்கிழமை. நிமி. வேலை.' முப்பதாவது படம் போகும்போது சிஞ்சு தன்னுடைய வாத்து ஒன்றையும் இடையில் போட்டாள். 'ஞாயிறு. சிஞ்சு. வேலை. காய்ச்சலோட.'

நாற்பத்து நான்காவது படத்தில் போன் அடித்தது.

"நிமி, இது என்னா வேலை காட்டுறே நீ? டெலீட் செய். எல்லாம் டெலீட் செய்."

"லெட்டர் எழுதித் தாங்க சார்."

"இப்பிடியா கேக்குறது? ஒரு மரியாதை வேண்டாமா?"

"மூணு தடவ மரியாதையா கேட்டேன் சார். இன்னும் பதினாலு படம் பாக்கி இருக்கு. போட்டுட்டு வர்றேன்."

போட்டுவிட்டுத்தான் போனாள். அவள் போய்ச் சேரும்போது கோபிநாத் நின்றுகொண்டே போனில் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். சரி சார், ஆமாம் சார், கிளரிக்கல் மிஸ்டேக் சார். அவளைப் பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பேசி முடித்து, கம்ப்யூட்டரில் நான்கு வரி தட்டி, அச்செடுத்து, முத்திரை குத்தினார். முத்திரை குத்துகிற சத்தம் கதவுக்கு வெளியே நின்ற சிஞ்சுவுக்குக் கேட்டது.

நிமி நின்ற இடத்திலேயே வாசித்தாள். ஐந்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறாள். ஜூன் மாதத்தில் பதினோரு நாள் ஊதியத்துடன் விடுப்பு. திரும்பி வந்து வேலையில் சேருவாள்.

"இதோட தீர்ந்தது, கேட்டோ," என்றார் கோபிநாத். "இனி ஞாயிறு கீயிறுன்னு வரக்கூடாது."

"ரெஜிஸ்டரத் திருத்திட்டீங்களா சார்?"

"பதினொண்ணு திருத்தியாச்சு."

"மீதி?"

அவர் மச்சினனின் பளபளப்புத் தாளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "போய் வேலையப் பாரு. நூத்தியாறாம் நம்பருக்குப் பன்னெண்டு மணிக்கு ஆள் வருது."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். நூற்றியாறில் மெத்தையைத் தூக்கினாள், விரிப்பைச் செருகினாள், இரண்டு துண்டை முறுக்கினாள். இடுப்பு நேற்றுப் போலவே வலித்தது. வாத்துகளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். இந்த முறை ஒன்றை முதுகு காட்டித் திருப்பி வைத்திருந்தாள். 

சாயங்காலம் ஜிபின் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டு நின்றான். ஞானத்தாய் இரண்டு பொட்டலம் கட்டித் தந்தாள், ஒன்றில் புளிச்சோறு, ஒன்றில் கருவாட்டுப் பொடி.

"கொச்சிக்குத்தாம்மா போறோம். போர்ட்டோவுக்கு இல்ல."

"பொடி கெடாது. அப்படியே வச்சுக்க."

விசா கிடைக்குமா கிடைக்காதா என்பது நாளைக்குக் கோப்பை வாங்குகிறவனுக்கும் தெரியாது, அதற்குப் பிறகு அதைப் படிக்கிறவனுக்குத்தான் தெரியும். பஸ் தேவிகுளம் வளைவுகளில் இறங்கும்போது நிமி கடிதத்தின் நகலை மடியில் விரித்து, ஜிபினிடம் பேனா வாங்கி, பின்பக்கத்தில் எழுதினாள். வேலை பார்த்த ஞாயிறு ஐம்பத்தெட்டு. கொடுத்தது பதினொன்று. பஸ் குலுங்கியதில் கடைசி வரி கோணலாக விழுந்தது. ஆனாலும் வாசிக்க முடிந்தது: ரிசார்ட் எனக்குத் தர வேண்டியது, நாற்பத்தேழு ஞாயிற்றுக்கிழமைகள்.