அலெக்ஸாண்டரைத் தள்ளியவர்கள்

மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறாமல் ஆந்திராவுக்குப் போனதற்குக் காரணம் கஸ்பாரின் டிராக்டர். வானிலை ஆய்வு மையம் வேறு ஏதேதோ சொன்னது. அவர்கள் யாரும் அன்று கரையில் இல்லை. கஸ்பார் இருந்தார். அலெக்ஸாண்டரைக் கடலைப் பார்க்க நிறுத்தி ஒரு முறை உறும விட்டார். புயல் யோசித்தது. வடக்கே திரும்பியது. இதை அவர் சிரிக்காமல் சொல்வார். கேட்பவர்களும் சிரிப்பதில்லை, ஏனென்றால் சிரித்தவனுடைய படகு அன்றைக்குக் கடைசியாகத்தான் கரையேறும்.

அலெக்ஸாண்டர் என்பது டிராக்டரின் பெயர். மகன் பிறந்தால் வைப்பதற்கென்று கஸ்பார் பத்திரப்படுத்தியிருந்த பெயர். முதலில் வந்து சேர்ந்தது டிராக்டர். பிறகு மகன் பிறந்தபோது அவனுக்கு ஜோ என்ற ஒற்றை எழுத்துதான் மிச்சமிருந்தது. இந்த விஷயத்தில் கஸ்பாரின் மனைவி ஐரீன் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் வழியில், கண்டெய்னர் லாரி வரிசைக்கும் கடலுக்கும் நடுவே மிஞ்சிய மணலில் அவர்களுடைய குப்பம் இருந்தது. ஃபைபர் படகுகள் கரைக்கு வந்ததும் அலெக்ஸாண்டர் கயிறு போட்டு மணலுக்கு மேலே இழுக்கும். கூலியாக ஒவ்வொரு படகும் ஒரு கூடை மீன் தரும். அந்த மீனைத்தான் ஐரீன் தேரடிப் பக்கம் கடை போட்டு விற்றாள். வீட்டில் உலை கொதிப்பது அந்தக் கூடையால்.

சிக்கல் ஒன்றே ஒன்று. அலெக்ஸாண்டருக்கு செல்ஃப் எடுக்காது. காலையில் ஆட்கள் சேர்ந்து தள்ளி உயிர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சாயந்திரம் வரை அணைக்கக் கூடாது. நாள் முழுக்க அது கரையில் நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும். எந்தப் படகு வந்தது, என்ன மீன் என்று கடையிலிருந்து ஐரீன் போன் போட்டால் கஸ்பாருக்குக் கேட்காது. கேட்டாலும் பயனில்லை. உட்கார்ந்த இடத்தில் டிராக்டர் வீடியோவாகப் பார்த்து, நாஸ்டா நேரத்துக்குள் செல்லில் சார்ஜைத் தீர்த்திருப்பார். டிராக்டர் மேல் உட்கார்ந்து டிராக்டர் வீடியோ பார்க்கிற மனிதரோடு ஐரீன் இருபத்தைந்து வருடமாகக் குடும்பம் நடத்துகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவளைப் படகுச் சங்கத் தலைவர் பரசுராமன் தெருமுனையில் மடக்கினார்.

"இன்னாம்மா ஐரீனு, போட்ட இழுக்க வண்டி. வண்டிய தள்ள நாங்களா?"

"நான் இன்னா பண்ணட்டும்ணா?"

"கடல்ல வலைய இழுத்துட்டு வந்து, கரையில உன் வூட்டுக்காரன் வண்டிய தள்ளிகினு கீறோம். சனிக்கிழம வரிக்கும் பார்ப்பேன். வேற வண்டி வரல, பக்கத்துக் குப்பத்து இசக்கிப்பாண்டிய அவன் டிராக்டரோட இட்டாந்துருவேன். அப்பால என்னாண்ட பேஜார் பண்ணக் கூடாது."

ஐரீன் வீட்டுக்குப் போய் அதை அப்படியே சொன்னாள். கஸ்பார் பொறுமையாகக் கேட்டார்.

"தேர இழுக்குறாங்கோ இல்ல? அவங்க இன்னா பேஜாருன்னா சொல்றாங்கோ? தள்றது ஒரு மரியாதமே."

ஐரீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். வைக்காமல் விட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். நேராக டிராக்டர் கடைக்குப் போன் போட்டாள்.

வியாழக்கிழமை எழிலன் என்கிற விற்பனைக்காரப் பையன், பாலிஷ் போட்ட ஷூவோடு, ஒரு சின்ன நீல டிராக்டரைக் கரைக்கு ஓட்டிவந்தான். குப்பமே கூடிவிட்டது. கஸ்பார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பெரிய வண்டி எங்க தம்பி? இது அதோட சாம்பிளா?"

"இதுதான் சார் வண்டி. காம்பாக்ட். நாலு சக்கரமும் இழுக்கும்."

"என் வண்டி ரெண்டே சக்கரத்துல இழுக்குது. உன்னுது நாலு சேர்ந்து அதே வேலய செய்யுது. அப்ப உன் சக்கரம் ஒவ்வொண்ணும் அரை ஆளுதான?"

எழிலனுக்கு இந்தக் கணக்கைக் கடையில் யாரும் சொல்லித்தரவில்லை. "பவர் ஸ்டீயரிங் சார். ஒரே விரல்ல திருப்பலாம்" என்றான்.

"மிச்ச நாலு விரல இன்னா பண்றது? மூக்கு நோண்டறதா?"

கூட்டம் சிரித்தது. ஆனால் அலெக்ஸாண்டரின் உறுமலில் பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேலி வீணாவதை கஸ்பாரால் தாங்க முடியாது. எட்டி அலெக்ஸாண்டரின் இன்ஜினை அணைத்தார்.

"அய்யய்யோ" என்றாள் ஐரீன்.

"இப்ப சொல்லு தம்பி. இன்னும் இன்னா கீது?"

"மொபைல் சார்ஜ் போட்டுக்கலாம் சார். இதோ, இந்த இடத்துல."

கஸ்பார் சிரித்த சிரிப்பில் காக்கைகள் எழுந்தன. "டிராக்டர்ல செல்லு சார்ஜா! கேட்டுக்கினியா மாமு? நாளைக்கு இதுல தலகாணியும் குடுப்பான். சார்ஜ் போடறதுக்கு இன்னாத்துக்குடா டிராக்டரு, வூட்டுல பிளக்கு இல்லியா?"

அவர் இன்னும் பேசியிருப்பார். அதற்குள் ஃப்ரெடியின் படகு அலைக்குள் வந்துவிட்டது. அலை அன்று பெரிது. "மாமோவ்! கயித்த போடு!" என்று ஃப்ரெடி கத்தினான்.

கஸ்பார் தாவி ஏறினார். ஆட்கள் தள்ளினார்கள். அலெக்ஸாண்டர் இருமியது; நின்றது. மறுபடி தள்ளினார்கள். பின்சக்கரம் ஈர மணலில் இறங்கியது. "தள்ளு, தள்ளு, புடிச்சுக்கிச்சு!" என்று மேலிருந்து கஸ்பார் உற்சாகப்படுத்தினார். புடித்துக்கொண்டது மணல்தான். ஃப்ரெடியின் படகு பக்கவாட்டில் திரும்பி, ஒரு ஐஸ் பெட்டி கடலோடு போனது.

"அடச்சீ! வண்டிய வுட்டுட்டுக் கயித்தப் புடிங்கடா!" என்றார் பரசுராமன்.

புடித்தார்கள். டிராக்டரைத் தள்ளிய அத்தனை பேரும் ஒரே கயிற்றில் தொங்கி இழுக்க, படகு சரசரவென்று மேலே வந்துவிட்டது. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பரசுராமன் தன் உள்ளங்கையையே புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வண்டியே வேணாம் போலக் கீதே" என்றார் மெல்ல. "கூடைக் கூடையா மீனு இன்னாத்துக்குக் குடுத்துகினு கெடந்தோம்?"

ஃப்ரெடி தன் மீனை அள்ளிக்கொண்டு போனான். ஐரீன் நீட்டியிருந்த கூடையில் எதுவும் விழவில்லை. பழைய டிராக்டர், புது டிராக்டர் என்று அவள் இத்தனை நாள் போட்ட சண்டையில், எந்த டிராக்டரும் வேண்டாம் என்றொரு மூன்றாவது வழி இருப்பதை, ஒரு கேலியை எல்லோருக்கும் கேட்க வைப்பதற்காக, அவள் புருஷன் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்.

"அண்ணா, இன்னும் பதினேழு போட்டு வெளிய கீது" என்றாள் ஐரீன். "எல்லாத்தியும் கையாலயே இழு. ராத்திரி அண்ணிய சோறு ஊட்டச் சொல்லு, உனக்குக் கை தூக்க வராது."

இரண்டு பேர் ரகசியமாகத் தோள்களைத் தேய்த்துக்கொண்டார்கள். அடுத்த படகு அலையில் தெரிந்தது. ஐரீன் எழிலன் பக்கம் திரும்பினாள்.

"ஸ்டார்ட் பண்ணு தம்பி."

எழிலன் கடலைப் பார்த்தான். தன் ஷூவைப் பார்த்தான். "உப்புத் தண்ணி மேடம்... கடையில திட்டுவாங்க..."

"எறங்கு கீழ."

புடவையைச் செருகிக்கொண்டு அவளே ஏறினாள். கிளட்ச் எது, பிரேக் எது என்று அவன் பக்கத்தில் ஓடிக்கொண்டே சொன்னான். ஷூ நனைந்ததுதான் மிச்சம். வண்டி முதலில் ஒரு குதி குதித்தது. பிறகு கயிறு இறுகியது. படகு, பள்ளிக்கூடம் போக மனமில்லாத பிள்ளை மாதிரி, மெதுவாகப் பின்னால் வந்தது. பரசுராமன் ஒரு கூடை மீனைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார்.

அன்றே விலைப் பேச்சு முடிந்தது. ஜோவின் கல்யாணத்துக்கென்று கட்டிய சீட்டு முன்பணமானது. அலெக்ஸாண்டரைப் பழைய வண்டியாக எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பீர்களா என்று கேட்டதற்கு எழிலன் சாவு வீட்டுக்கு வந்தவன் முகத்தோடு அதைப் பார்த்துவிட்டு, "சென்டிமென்ட்டா நீங்களே வச்சுக்கங்க மேடம்" என்றான். பெயரைப் பெரிய டிராக்டருக்கு விட்டுக்கொடுத்த ஜோ, கல்யாணத்தைச் சின்ன டிராக்டருக்கு விட்டுக்கொடுத்தான்.

"அந்தப் பொம்ம வண்டியில கஸ்பார் குந்த மாட்டான்" என்று கஸ்பார் அறிவித்தார். மணலில் புதைந்த அலெக்ஸாண்டர் மேல் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்தே ஐரீன் ஓட்டுவதற்கு வர்ணனை கொடுத்தார். "லெப்ட்ல ஒடி! லெப்டுன்னா சோத்துக்கை இல்லமே! அப்பிடியே ஒரு குச்சி ஐஸ் வாங்கியா!" விடியலில் படகு இழுத்து, பிறகு கடைக்கு ஓடி, மறுபடி கரைக்கு ஓடி, ஐரீனுக்கு இடுப்பு கழன்றது.

அடுத்த வாரம் ஒரு நாள் கடையில் நல்ல கூட்டம். பரசுராமன் படகு வரும் நேரமாகிவிட்டது. கடையை விட்டுவிட்டு வர முடியவில்லை. பழக்கதோஷத்தில் கஸ்பாருக்குப் போன் போட்டாள். போன் அணைந்து கிடப்பதாகச் சொல்லும் அந்தப் பெண் குரலுக்காகக் காத்திருந்தாள்.

மணி அடித்தது.

"இன்னாமே?"

ஐரீன் போனைக் காதிலிருந்து எடுத்து, சரியான நம்பர்தானா என்று பார்த்தாள்.

"எங்க கீற?"

"எங்க கீறேன். அலெக்ஸாண்டர் மேலதான்."

"பரசுராமண்ணன் போட்டு?"

"வந்துச்சு. மேல ஏத்தியாச்சு."

"யாரு ஏத்துனா?"

போனில் அலைச் சத்தம் தெளிவாகக் கேட்டது. அதோடு, தையல் மெஷின் மாதிரி ஓர் அடக்கமான சத்தம்.

"அதுவா ஏறிக்கிச்சு. அலை பெரிசு இல்ல?"

"செல்லுல சார்ஜ் எவ்ளோ கீது?"

"தொண்ணூத்தி எட்டு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு கஸ்பார் இணைப்பைத் துண்டித்தார்.

ஐரீன் பக்கத்துக் கடை தங்கபுஷ்பத்திடம் தராசை ஒப்படைத்துவிட்டுக் கரைக்கு வந்தாள். கவிழ்த்துவைத்த ஒரு படகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அலெக்ஸாண்டர் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. நீல வண்டி ஃப்ரெடியின் படகை இழுத்துக்கொண்டு மேலே வந்தது. கஸ்பார் துண்டை விரித்து எதையோ மூடியிருந்தார். துண்டின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளை வயர் தொங்கியது. நேராகக் கடலைப் பார்த்தபடி, ஆள்காட்டி விரல் ஒன்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். மிச்ச நாலு விரலையும் என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் விரித்து வைத்திருந்தார்.