லோயிஸின் படுக்கைக்கு அடியில் ஓடும் எஞ்சின்

இந்தக் காலத்தில் உள்ளேயே குடியிருக்கும் வீட்டு வண்டி வாங்குகிறவர்களுக்கு வண்டியின் அடிவயிறு எப்படி இருக்கும் என்றே தெரியாது. சோபாவில் எத்தனை பேர் உட்காரலாம், டிவி எவ்வளவு அகலம் என்று பார்க்கிறார்கள், வாங்குகிறார்கள், வழியில் ஒரு சத்தம் கேட்டால் ரோட்டோரம் நிறுத்திவிட்டு யாருக்கோ போன் பண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். முதுகில் மண் படாத கூட்டம். வெர்ன் கோல்ப் அந்த ரகம் இல்லை. இல்லாததால்தான் அவருக்கு இது நேர்ந்தது என்றும் சொல்லலாம். அரிசோனா பாலைவனத்தில் நிற்கும் அவருடைய பழைய டீசல் வண்டியின் எஞ்சின் பதினோரு வருடமாக ஒரு நொடிகூட நிற்கவில்லை. அதில் கடைசி ஏழு வருடம் டீசல் குடிக்காமல் ஓடுகிறது.

வெர்ன் நெப்ராஸ்காவில் கல் குவாரி லாரி ஓட்டியவர். பள்ளிக்கூடம் தன்னை விடுவதற்கு முன்பே அவர் அதை விட்டுவிட்டார். கைகளை விரித்தால் மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு, எந்த சோப்புக்கும் போகாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, பஸ் அளவுக்கு நீளமான அந்த வண்டியை மூன்றாவது கையாக வாங்கினார். அதற்குக் காரணம் அவர் மனைவி லோயிஸின் நெஞ்சு. மாட்டுத்தீவன ஆலையில் தூசுக்குள் நின்று வேலை பார்த்த நெஞ்சு, குளிர் தாங்காது. வறண்ட காற்றுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொன்னார். வெர்ன் டாக்டரை நம்பவில்லை, ஆனாலும் கொண்டுபோனார். வானிலை அறிக்கையை அவர் நம்பியதில்லை, டீசல் போடும் இடத்தில் ஓடும் மீட்டரை நம்பியதில்லை, எந்த மெக்கானிக்கையும் தன் கண்முன் இல்லாமல் ஒரு நட்டைத் திருக விட்டதில்லை. அவர் நம்பிய ஒரே பொருள் எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி. உருவு, துடை, விடு, மறுபடி உருவு. அது பொய் சொல்லாது என்பது அவருடைய கட்சி.

அது சொன்ன பொய்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். முன்பு வண்டி வைத்திருந்த எவனோ ஒருவன் உடைந்த கம்பிக்குப் பதிலாக வேறு எஞ்சினின் குட்டையான கம்பியைச் சொருகி விற்றிருந்தான். பதினோரு வருடத்துக்கு முன்பு ஆயில் மாற்றும்போது, வீட்டு வண்டிகள் தங்கும் அந்தப் பாலைவன முகாமில் பக்கத்தில் வண்டி போட்டிருந்த டுவெய்ன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்த்துக் காது பாதி போனவர், வாய் மட்டும் முழுசாக இருக்கிறவர்.

"யோவ் பெருசு, போதும்யா. எவ்ளோ ஊத்தணும்னு டின்னுலயே போட்டிருக்கான்ல?"

"டின்னுல எழுதினவன் ஆயில் விக்கிறவன். கம்பி என் கையில இருக்கு. நீ மூடிக்கிட்டு காபியைக் குடி."

ஆயில் கம்பியின் கோட்டைத் தொடும்வரை ஊற்றினார். ஒரு கேலன் அதிகம். டீசல் எஞ்சினுக்குள் ஆயில் மிஞ்சினால் அது அந்த ஆயிலையே குடித்து வெறிபிடித்து ஓடத் தொடங்கும். அப்போது சாவியை அணைத்தும் பயனில்லை, டீசலை அடைத்தும் பயனில்லை. அது இழுக்கும் காற்றை அடைக்க வேண்டும், முடியாவிட்டால் வெடித்துச் சிதறும்வரை தூரத்தில் நிற்க வேண்டும். வெர்ன் வண்டியைக் கிளப்பி, ஆயில் ஓடட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, சாவியைத் திருப்பினார். எஞ்சின் நிற்கவில்லை. சத்தம் ஏறியது. ஏறி ஏறிக் கூச்சலாக ஆனது. வெள்ளைப் புகை முகாமையே மூடியது, ஆட்கள் நாய்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த மாதிரி வண்டிகளில் எஞ்சின் பின்பக்கம், படுக்கைக்கு நேர் அடியில். அந்தப் படுக்கையில் லோயிஸ் படுத்திருந்தாள். அவளைத் தூக்கிவர டுவெய்ன் உள்ளே ஓடினார். வெர்ன் பின்கதவைத் திறந்து, காற்றுக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கைக்கு எட்டிய காய் வெட்டும் பலகையை எஞ்சின் காற்றிழுக்கும் வாயில் வைத்து அழுத்தினார்.

எஞ்சின் திணறி இறங்கியது. உள்ளேயிருந்து டுவெய்ன் அலறினார்: "எடுய்யா! எடு! இவளுக்கு மூச்சு நின்னுபோச்சு!" வெர்ன் பலகையை எடுத்தார். எஞ்சின் இழுத்தது, படுக்கையில் லோயிஸும் இழுத்தாள். வெர்ன் நம்பவில்லை. மறுபடி வைத்தார். லோயிஸின் உதடு நீலமானது, கை மெத்தையில் அடித்தது. எடுத்தார், அவள் மூச்சு வந்தது. மூன்றாவது தடவையும் வைத்துப் பார்த்தார் என்று டுவெய்ன் இன்றைக்கும் சொல்லித் திட்டுகிறார். அதன் பிறகு எஞ்சின் தானாகவே அடங்கி, நிற்கும் வண்டிக்கு உரிய மெதுவான ஓட்டத்துக்கு வந்தது. லோயிஸ் எழுந்து உட்கார்ந்து, எதற்கு இப்படிப் புகை என்று கேட்டாள். வெர்ன் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார். அதற்குப் பின் அந்த எஞ்சினை நிறுத்த அவர் முயன்றதே இல்லை.

அன்றிலிருந்து அவர் வாழ்க்கை பயத்தின் கால அட்டவணையாக ஆனது. காலையில் பெல்ட், மத்தியானம் சூடு, சாயங்காலம் ஆயில். ஓடுகிற எஞ்சினில் ஃபேன் பெல்ட் மாற்ற முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வெர்ன் மாற்றினார். இடது சுண்டுவிரலின் நுனியை அதற்குக் கொடுத்தார். ஆயிலை அடியில் சொட்டுச் சொட்டாக விட்டு மேலே கோப்பை கோப்பையாக ஊற்றினார். ஏர் ஃபில்டர் மாற்றுவதுதான் கொடுமை. லோயிஸ் நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவாள், அவள் கண் பிதுங்குவதற்குள் அவர் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட வேண்டும். புழுதிக்காற்று வந்தால் நனைத்த போர்வைகளால் வண்டியின் பின்பக்கத்தைச் சுற்றுவார், அப்படியும் அவள் மறுநாள் மணலாக இருமுவாள். கோடையில் எல்லோரையும் போல மலைக்குப் போனபோது ஏற்றத்தில் எஞ்சின் கறுப்பாகப் புகைந்தது, லோயிஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு திணறினாள். பாதி வழியில் திரும்பினார்கள். அதற்குப் பின் நூற்றுப்பத்து டிகிரி வெயிலிலும் தாழ்வான இடத்திலேயே கிடந்தார்கள். அவளும் எஞ்சின் சத்தம் கேட்கிற தூரத்துக்கு மேல் போவதில்லை. நகரத்து டாக்டர் ஒருமுறை வந்தார். காதுக்குழாயை முதலில் லோயிஸின் முதுகிலும் பிறகு எஞ்சின் மூடியிலும் வைத்துக் கேட்டுவிட்டு, வயதுக்கு இரண்டும் மோசமில்லை என்றார்.

இருட்டிய பின் முகாமில் எந்த எஞ்சினும் ஓடக் கூடாது என்பது சட்டம். அதைச் சொல்ல வந்த அதிகாரியின் உள்ளங்கையை லோயிஸ் மெத்தைமேல் வைத்துப் பார்க்கச் சொன்னாள். மனிதர் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். அடுத்த வருடம் அவரே ரேடியேட்டருக்கு இரண்டு டின் கூலண்ட் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்து வண்டிக்காரர்கள் பழகிக்கொண்டார்கள், ஊருக்குப் போனால் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றார்கள். வெர்னுக்குத்தான் எங்கேயும் தூக்கம் வரவில்லை. எஞ்சின் ஒரு துடிப்பு தவறினால் கையிலிருக்கும் முட்கரண்டி தட்டில் விழும்.

நான்காம் வருட ஆகஸ்டில் அவர் பயந்தது வந்தது. தொட்டியில் டீசல் கால்வாசிக்குக் கீழே இறங்கியிருந்தது. எப்போதும் போல டுவெய்னின் பிக்கப் வண்டியில் கேன்களைப் போட்டுக்கொண்டு நகரத்துக்குப் போனார்கள். திரும்பும்போது மலைப்பக்கம் மழை கொட்டி, வருடமெல்லாம் மணலாகக் கிடக்கும் ஓடை வண்டி உயரத்துக்குத் தண்ணீராகப் போனது. மறுகரையில் முகாம் தெரிந்தது. வெர்ன் இறங்கப் பார்த்தார், டுவெய்ன் பெல்ட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். தண்ணீர்ச் சத்தத்தில் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. வெர்ன் தொட்டியில் மீதி எவ்வளவு என்று கணக்குப் போட்டார்: இந்நேரம் பத்து கேலன், இந்நேரம் ஐந்து. இருட்டியும் தண்ணீர் வடியவில்லை. இந்நேரம் ஒன்றுமில்லை என்ற நேரமும் வந்து, கடந்து போனது. அவர் டுவெய்ன் நீட்டிய பன்றிக்கறி ரொட்டியைக் கையில் வைத்தபடி எறும்பு ஏறும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் ஆனதும் இரண்டு கையிலும் கேனோடு நடந்து கடந்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லோயிஸ் படியில் உட்கார்ந்து பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெர்ன் தொட்டிக்குள் குச்சியை விட்டு எடுத்தார். காய்ந்த துரு மட்டும் ஒட்டியிருந்தது. நக்கியும் பார்த்தார்.

"நேத்தே காலி. ரெண்டு தடவை இருமிச்சு, நிக்கப் பாத்துது. நான் விடல," என்றாள் லோயிஸ்.

"என்ன விடல?"

"நான்தான் அதை இழுத்துக்கிட்டிருக்கேன், கிழவா. எப்பலேர்ந்துன்னு கேக்காத, எனக்கே தெரியாது. ஒருவேளை முதல்லேர்ந்தே இருக்கும். நீ அடைச்ச பலகைக்குப் பயந்துதான் எனக்கு மூச்சு நின்னுதோ என்னவோ."

"வெயில் உனக்கு மண்டையில ஏறிடுச்சு."

லோயிஸ் தட்டைக் கீழே வைத்தாள். ஈரக் காலோடு டுவெய்ன் வந்து நின்றார். அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். எஞ்சின் இறங்கியது, இன்னும் இறங்கியது, ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகக் கேட்டது. "விடுடி! மூச்சை விடு!" என்று வெர்ன் கத்தினார். அவள் விட்டாள், எஞ்சின் நிமிர்ந்தது. பிறகு நாய் மாதிரி நாக்கை நீட்டி வேகமாக இரைத்துக் காட்டினாள். எஞ்சின் உறுமி, சைலன்சரிலிருந்து நான்கு வருடக் கரியைத் துப்பியது. டுவெய்ன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அம்மாடி, உன்னை என் வண்டியில கட்டிவிடட்டுமா? மாசம் பூரா ஓசியில ஊரைச் சுத்துவேன்!"

வெர்ன் சிரிக்கவில்லை. ரிப்பேர் வந்தால் சரிபண்ண அவரிடம் எஞ்சினுக்கு எல்லா அளவு ஸ்பேனரும் இருந்தன, லோயிஸுக்கு ஒன்றுகூட இல்லை. "தொட்டி மூலையில எங்கயாவது தங்கியிருக்கும்," என்றார்.

"காஞ்சு கெடக்குய்யா. இப்பத்தான நக்குன?" என்றார் டுவெய்ன்.

"அப்ப ஆயிலைக் குடிக்குது."

"ஆயில் இறங்கவே இல்லையே. கம்பியைப் பாரு."

"அந்தக் கம்பியை எவன் நம்புவான்?" என்று சொல்லிவிட்டு வெர்ன் இரண்டு கேன் டீசலையும் தொட்டியில் ஊற்றினார்.

அந்த டீசல் ஒரு சொட்டும் குறையவில்லை. முகாமில் எல்லோரும் விஷயத்தை இரண்டு நாள் பேசினார்கள், பிறகு தண்ணீர் லாரி ஏன் தாமதம் என்று பேசினார்கள். லோயிஸ் தூங்கும்போது எஞ்சின் சீராக மெதுவாக ஓடும், கனவு கண்டால் கொஞ்சம் தடுமாறும். சளி பிடித்தால் இரண்டும் சேர்ந்து இருமும். டீசல் ரொம்ப நாள் தேங்கினால் அதில் கறுப்பாகப் பாசி பிடிக்கும், குழாய் அடைக்கும். அதனால் வெர்ன் குளிருக்கு ஒருமுறையும் கோடைக்கு ஒருமுறையும் தொட்டியை முழுக்க வடித்துப் புதிதாக நிரப்பினார். வடித்த டீசலைத் துணியில் வடிகட்டி டுவெய்ன் எடுத்துக்கொண்டார். இந்த ஏழு வருடத்தில் டுவெய்ன் தன் காசில் டீசல் போட்டதில்லை, அவர் அதைப் பற்றிக் குறை சொன்னதும் இல்லை.

இந்த வசந்தத்தில் லோயிஸுக்கு மூச்சு கொஞ்சம் குறுகியிருக்கிறது. மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறாள், எஞ்சினிலும் அந்த இடைவெளி கேட்கிறது. வெர்ன் ஃபில்டரை மாற்றினார், குழாய்களை ஊதினார், பெல்ட்டை இறுக்கினார். பிறகு கேன்களை எடுத்தார்.

லோயிஸ் வாசலில் வந்து நின்றாள். "எங்க போற? தொட்டி நிறைய... அப்படியே இருக்குல்ல."

"அது பழசு. வீரியம் போயிருக்கும். அதான் இப்படி இழுக்குது."

"அது டீசல் இல்ல வெர்ன். நானு."

"எல்லாம் டீசல்தான். உள்ள போய்ப் படு."

"கிழட்டுக் கழுதை," என்றாள் அவள். வண்டி ஒருமுறை குலுங்கியது, சிரித்தாளோ இருமினாளோ. வெர்ன் திரும்பிப் பார்க்கவில்லை. டுவெய்னின் பிக்கப் பக்கமாக நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்று காது கொடுத்தார். ஓடிக்கொண்டிருந்தது. காறித் துப்பிவிட்டு, காலிக் கேன்கள் ஒன்றோடொன்று இடிக்க, மறுபடி நடந்தார்.