நல்ல தாய்க்கான பத்துக் கேள்விகள்

…அதற்குள் நான்காவது கேள்வியா, முதல் மூன்றுக்கும் என்ன பதில் சொன்னோம் என்றே அவளுக்கு நினைவில்லை, சொன்னது தானா, இல்லை பக்கத்து நாற்காலியில் கைக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும் மாமியாரா, நர்ஸோ தலை நிமிராமல் பேனாவைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போகிறாள், டிக், டிக், டிக்… அந்தக் கையோட்டம் அவளுக்குத் தெரியாததா, மாத்திரை ஆலையில் ஒன்பது வருஷமாகத் தரம் பார்க்கிறவள், ஷிப்டு முடியக் கால் மணி இருக்கும்போது அவளும் இப்படித்தான் பெட்டியைத் திறக்காமலே தாள் முழுக்க 'சரி' போட்டுத் தள்ளுவாள், அந்தப் பெட்டிக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. "தூக்கம் நல்லா வருதாம்மா?" என்று நர்ஸ் கேட்க, "படுத்தா போதும், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா" என்றார் மாமியார். டிக். மருமகள் தூங்குவதைப் பார்க்க இவர் என்றைக்கு விழித்திருந்தார்…

சுவரில் 'மகிழ்ச்சியான தாய், மலர்ச்சியான சேய்' என்று ஒரு படம், அந்தத் தாயின் தோளில் ஒரு சொட்டுப் பால் கறை இல்லை, சேய் அட்டையில் செய்தது போலும். தாய்மாரிடம் பத்துக் கேள்வி கேட்கும் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்த பெரிய டாக்டர் நாற்பது நிமிஷம் பேசினார், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண்களுக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை, "தாய்மையைவிட உயர்ந்த பதவி உண்டா?" என்று கேட்டார், அவர் அறைக் கதவில் பெயருக்குப் பின்னால் ஐந்து பட்டங்கள், ஒன்றுகூடத் தாய் இல்லை. அவளுக்கும் ஒரு பதவி வரத்தான் இருந்தது, சூப்பர்வைசர், உத்தரவு டைப் ஆன அதே வாரம் கர்ப்பம் பார்க்கும் குச்சியில் இரண்டு கோடு விழுந்தது, ஊருக்கெல்லாம் மாத்திரை சோதிக்கிறவளை அவள் விழுங்கிய மாத்திரையே காலை வாரிவிட்டது. வேண்டாமே என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள், அதற்குள் புருஷன் ஆபீஸ் முழுக்க இனிப்புக் கொடுத்துவிட்டான், ஏதோ பரீட்சை எழுதிப் பாஸானவன் மாதிரி. "ஒண்ணு வளர்ற வீட்ல இன்னொண்ணு தானா வளரும்" என்றார் மாமியார். தானா… அந்தத் 'தானா'வுக்கு இருந்த இரண்டு கையும் அவளுடையதுதானே.

சின்னவன் மேல் கோபம் என்று சொல்ல முடியாது, அழைக்காமல் வந்த விருந்தாளியிடம் முகம் சுளிப்பார்களா, நேரத்துக்குப் பால், நேரத்துக்குக் குளியல், மரியாதையாகத்தான் நடத்துகிறாள், அதற்கு மேல் உள்ளே தேடினால் ஒன்றுமில்லை, துடைத்து வைத்த பாத்திரம். கோபமெல்லாம் மூத்தவள் மேல் இறங்குகிறது, நாலு வயசு, வாய் ஓயாதவள் என்று 'வாயாடி' என்று பேர் வைத்தவளே இவள்தான், இப்போது நாற்காலி நுனியில் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருக்கிறது வாயாடி… செவ்வாய்க்கிழமை டம்ளரைக் கவிழ்த்தது, அவ்வளவுதான், கை எப்போது போனது, எத்தனை தடவை போனது, முதுகில் நாலு விரல் சிவந்து நின்றபோதுதான் அது தன் கை என்றே தெரிந்தது.

"கோபத்துல பிள்ளைங்க மேல கை நீட்றீங்களா?" எட்டாவது கேள்வி. இதோ, இதற்குத்தானே வந்தாள், ஆமா என்று சொன்னால் யாராவது ஏதாவது செய்வார்கள், மாத்திரை கொடுப்பார்கள், திட்டக்கூடச் செய்யட்டும், யாருக்காவது தெரிந்தால் போதும். "சிஸ்டர், போன செவ்வாக்கிழமை…"

"இவளா?" மாமியார் சிரித்தே விட்டார். "எறும்பு மேல கால் பட்டாக்கூட மன்னிப்புக் கேப்பா, நீங்க வேற!"

டிக். ஒன்பது, பத்து, டிக், டிக். "பத்துக்குப் பத்து வாங்கிட்டீங்கம்மா, உங்க போட்டோவத்தான் போர்டுல மாட்டணும்." தாளை மடித்த நர்ஸ், போகிற போக்கில் மூத்தவளின் கன்னத்தைத் தட்டினாள். "என்ன பெரிய மனுஷி, அம்மா உன்ன நல்லாப் பாத்துக்கறாங்களா?"

குழந்தை நர்ஸைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை, மடியில் கிடந்த அவள் வலது கையைப் பார்த்தது, அது அசைகிறதா என்று பார்த்தது, அசையவில்லை என்று தெரிந்த பிறகு, "ம், நல்லா" என்றது. அவள் அந்தக் கையைப் பைக்கு அடியில் நகர்த்தினாள், குழந்தையின் கண்ணும் கூடவே நகர்ந்து பைக்கு அடியில் போய் நின்றது, அவசரமே இல்லாமல், பழகின கண்ணாக… செவ்வாய்க்கிழமை மட்டும்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள், ஒரே நாளில் ஒரு குழந்தைக்கு இவ்வளவு பழக்கம் வந்துவிடுமா?