ஒதுக்கி வைத்த ஸ்லைடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பழைய பிஸ்கெட் டப்பாவிலிருந்து வந்தது. உள்ளே ஐம்பத்திரண்டு ஸ்லைடுகள், ஒரு கேசட். டப்பாவைக் கொடுத்தவள் தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள். கதைக்குள் அவளுக்கு அஸ்மத் என்று வைத்திருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 1992, சூளகிரி. கல்வியின் ஒளி ஒரு கிராமத்தின் இருளை—

சீ, இதென்ன மேடைப் பேச்சு! நிறுத்திவிட்டேன். என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும் என்று அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

2

அஸ்மத்துக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சூளகிரியில் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு எடுத்தாள். அவள் பாணியே தனி. ஒவ்வொரு பெண்ணும் டேப் ரெக்கார்டரில் தன் கதையைப் பேச வேண்டும். பிறகு நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பேசியதைத் தானே எழுத வேண்டும். கதைக்கு ஏற்ற படங்கள் ஸ்லைடாகச் சுவரில் விழும். பட்டனை அமுக்குவது, ப்ரொஜெக்டரில் ஸ்லைடைத் தலைகீழாகச் செருகுவது* எல்லாம் அந்தப் பெண்களே. படம் எடுத்துத் தந்தவர் அவள் அண்ணன், ஸ்டுடியோ வைத்திருந்த பஷீர் அஹமது.

(* தலைகீழாகச் செருகினால்தான் சுவரில் நேராக விழும். இதை வைத்து ஒரு தத்துவம் பேச நாக்கு துறுதுறுக்கிறது. வேண்டாம்.)

வகுப்பில் கெட்டிக்காரி வெங்கடம்மாள். கேழ்வரகும் அவரையும் போடுகிற குடும்பம். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் ராஜாத்தியை எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல்லில் கட்டிக்கொடுத்திருந்தாள். மகளுக்கு இப்போது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். வெங்கடம்மாள் தன் கையாலேயே கார்டு எழுதிப் போட்டாள்: வெள்ளிக்கிழமை வருகிறேன், யாரையும் கேட்காமல் போர்டு படித்துப் பஸ் ஏறி வருகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் வகுப்புக்கே வரவில்லை.

3

எழுதும்போது எனக்கு வெங்கடம்மாள்மேல் சந்தேகம் வந்தது. இத்தனை ரோஷக்காரியா ஒருத்தி இருப்பாள்? கொஞ்சம் அடக்கி எழுதட்டுமா என்று டப்பா கொடுத்தவளைக் கேட்டேன். முடிந்தால் அடக்கிப் பாருங்கள் என்று சிரித்தாள்.

அஸ்மத் வீடு தேடிப் போனாள். கண் மங்கிப்போச்சு என்று மழுப்பினாள் வெங்கடம்மாள். மகள் வந்தாயிற்றா என்றதற்கு எழுந்து அடுப்பை ஊதப் போனாள். என்னிடம் சொல்ல வேண்டாம், இதனிடம் சொல்லுங்கள் என்று அஸ்மத் டேப் ரெக்கார்டரை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் மத்தியானம் எடுத்துவந்து, வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து கேட்டாள்.

"ஓசூரு பஸ்ஸ நானே படிச்சு ஏறினன். அங்க எறங்கி ஆனேக்கல் பஸ்ஸுக்கு நின்னன். போர்டப் பாக்கறன், ஒரெழுத்தும் வரல. அந்தப் பக்கம் நின்ன பஸ்ஸெல்லாம் பாத்தன். எல்லாம் தொடச்சுக்கிட்டுப் போச்சு டீச்சரம்மா. முன்னெல்லாம் யாரையாச்சும் கேப்பன். கார்டுல அப்பிடி எழுதிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது? கண்டக்டரு சூளகிரின்னு கத்தினாரு, ஏறி வந்துட்டன். புள்ள பெட்டி கட்டிக்கிட்டுக் குந்தியிருக்கும்."

4

முதல் வரைவில் அஸ்மத்தை அப்பழுக்கில்லாதவளாக எழுதியிருந்தேன். அது பொய். அவளே ஒத்துக்கொண்டதை எழுதுகிறேன்.

வாசிப்புப் பாடத்துக்காகப் பஷீர் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் போர்டுகளைப் படம் எடுத்திருந்தார். அதில் ஒன்றை மட்டும், நம் பாடத்துக்கு ஆகாது என்று அஸ்மத் டப்பாவின் அடியில் போட்டிருந்தாள். கேசட் முடிந்ததும் அதைத்தான் தேடி எடுத்தாள். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டாள். வெங்கடம்மாளைக் கையோடு கூட்டிவந்தாள்.

முதலில் ஒரு தமிழ் போர்டு. வெங்கடம்மாள் கிருஷ்ணகிரி என்று தடையில்லாமல் படித்துவிட்டு, தானே திகைத்து நின்றாள். அடுத்தது, ஒதுக்கி வைத்த ஸ்லைடு. அவள் சுவருக்குக் கிட்டே போய்த் தடவிப் பார்த்தாள். எழுத்துகள் அவள் கைமேல் விழுந்தன.

"இதேதான். இதான் வரல."

"இது கன்னட எழுத்து அக்கா. எனக்கும் வராது."

வெங்கடம்மாள் வீட்டில் பேசுவது தெலுங்கு, சந்தையில் கன்னடம், வகுப்பில் தமிழ். வாயில் மூன்றும் ஒன்றாய்ப் புழங்கின. ஒவ்வொன்றுக்கும் எழுத்து வேறு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வகுப்புக்கு வரும்வரை அவளுக்கு எழுத்து என்றால் ஒன்றுதான், தனக்குத் தெரியாதது.

அஸ்மத்துக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு என் மேல்தான், நான்தான் இதை எடுத்து வைத்துவிட்டேன் என்றாள். வெங்கடம்மாள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அப்ப என்னுது எங்கயும் போவல," என்றாள்.

5

இனி முடிவு. இரண்டு எழுதினேன்.

(அ) அம்மா வராத கோபத்தில் ராஜாத்தி, பிரசவம் இங்கேயே ஆகட்டும் என்று—

(ஆ) தாயும் மகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே போர்டுகளைப் படித்தபடி—

இரண்டும் என் கற்பனை. டப்பாவில் அதற்கெல்லாம் ஸ்லைடு இல்லை. டப்பா கொடுத்தவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மறுநாள் காலை வெங்கடம்மாளோடு அவளும் ஓசூர்வரை போனாள், ஆனால் தள்ளியே நின்றாள். வெங்கடம்மாள் போர்டை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நேராகக் கண்டக்டரிடம் போனாள்.

"அது கன்னட எழுத்து சாமி, நான் தமிழுதான் படிச்சிருக்கன். ஆனேக்கல் போவுமா?"

அவள் கேட்டது கன்னடத்தில். தமிழாக்கி, கன்னடத்தை ஒதுக்கி அஸ்மத் செய்த வேலையையே நானும் செய்திருக்கிறேன். கண்டக்டரின் பதிலையாவது அவர் சொன்னபடியே எழுதலாம் என்றால், அந்த எழுத்து எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இதற்குக் கீழே எழுதிக்கொடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். அங்கே பிள்ளைத்தாச்சி பெட்டி கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.